ஊர்க்கணக்கு: புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருப்பது சென்னையா, சிங்கப்பூரா?

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ராத்திரி 9 மணி. ஒருவர் சென்னை பஸ்ஸில் ஏறி ஸீட்டைச் சாய்த்துக்கொள்கிறார். இன்னொருவர் பெட்டியும் பையுமாகத் திருச்சி பஸ்ஸில் ஏறி, ‘ஏர்போர்ட்ல எறக்கி விடுங்கண்ணே’ என்று கண்டக்டரிடம் சொல்லி வைக்கிறார். சென்னைக்குப் போகிறவர் விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டு மாநகரப் பேருந்தைத் தேடுவார். நள்ளிரவு தாண்டி ஒரு விமானம் கிடைத்திருந்தால், மற்றவர் ஏறக்குறைய அதே நேரத்தில் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இமிக்ரேஷன் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.

சென்னை இங்கிருந்து 400 கிலோமீட்டருக்குள். சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர். ஆனாலும் இருவருக்கும் ஒரே ராத்திரிதான்.

அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம், கறம்பக்குடி, பொன்னமராவதி, கோட்டைப்பட்டினம் பக்கமெல்லாம் இது யாருக்கும் ஆச்சர்யமான சேதி இல்லை. தெருவுக்கு ஒருவராவது ‘வெளியில்’ இருக்கும் ஊர்கள் இவை. ‘தம்பி எங்க இருக்கு?’ என்று கேட்டால், ‘சிங்கப்பூர்ல’ என்ற பதில் ‘திருச்சியில’ என்பதுபோல சாதாரணமாக வரும். அவ்வளவு பக்கமாகத்தான் தெரிகிறது. அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் என்பது, ஒரு நாள் அதிகாலையில் போன் அடிக்கும்போதுதான் தெரியவரும்.

கடிகாரத்தில் உள்ள தூரம்

முதலில் எளிய கணக்கைப் பார்த்துவிடலாம். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் சாலையிலேயே, நகரத்துக்கு முன்னால், விமான நிலையம் வந்துவிடுகிறது. 50 கிலோமீட்டருக்குள்தான். மாவட்டத் தலைநகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து விமானம் வங்கக்கடலைத் தாண்டி, சுமத்திராவின் வடமுனைப் பக்கமாக மலாக்கா நீரிணையைப் பிடித்து, தென்கிழக்காக இறங்குகிறது. சுமார் 4 மணி நேரம்.

ஆனால், டிக்கெட்டைப் பார்த்தால் வேறு கணக்கு தெரியும். திருச்சியில் இரவு 1 மணிக்குப் புறப்படும் விமானம் சிங்கப்பூரில் காலை 7:30-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கும். ஆறரை மணி நேரமா என்று முதல் தடவை போகிறவர்கள் மலைப்பார்கள். திரும்பி வரும்போது காலை 9 மணிக்குக் கிளம்பினால் 10:30-க்கெல்லாம் திருச்சி! ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டதுபோல இருக்கும். இரண்டுமே நிஜமில்லை. நம் கடிகாரத்துக்கும் அவர்கள் கடிகாரத்துக்கும் இடையே உள்ள இரண்டரை மணி நேரம் செய்யும் வேலை அது.

இந்த இரண்டரை மணி நேரத்துக்கும் ஒரு கதை உண்டு. 1981 கடைசி வரை வித்தியாசம் 2 மணி நேரம்தான். 1982 ஜனவரி 1-ம் தேதி பிறக்கும்போது சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டது. மலேசியா நாடு முழுவதும் ஒரே நேரத்துக்கு மாறியது. பக்கத்து நாடும் கூடவே மாறிக்கொண்டது. கடலில் ஒரு அங்குலம்கூடக் கூடவில்லை. ஆனால், புதுக்கோட்டைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே அரை மணி நேரம் கூடிப்போனது.

அந்த அரை மணி நேரம் பெரிய விஷயமா என்று கேட்டால், கணவர் அங்கே இருக்கும் வீடுகளில் கேட்டுப் பார்க்க வேண்டும். இங்கே சமையல் முடித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, சாப்பாடு போட்டு நிமிரும்போது ராத்திரி 9. அங்கே பதினொன்றரை. விடிவதற்கு முன்பே லாரி வந்துவிடும் என்பதால் அவர் படுத்தாக வேண்டும். அவர் வேலை முடிந்து, குளித்துச் சமைத்துச் சாப்பிட்டுப் பேசத் தயாராகும் எட்டரை மணி, இங்கே மாலை 6. விளக்கு வைக்கும் நேரம், மாடு கட்டும் நேரம், பிள்ளை டியூஷனிலிருந்து வரும் நேரம். வீடியோ காலில் பாதி நேரம் சமையலறைச் சுவர்தான் தெரியும் என்று கிண்டல் செய்வார்கள். ஆக, இருவரும் நிதானமாகப் பேசக் கிடைக்கும் நேரம் ஒரு நாளில் ஒரு மணி நேரமோ, ஒன்றரை மணி நேரமோதான்.

கப்பலில் ஒரு வாரம்

நான்கு மணி நேரம் என்பது எவ்வளவு பெரிய சலுகை என்று தெரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்த காலத்திலேயே இங்கிருந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்கள் போயிருக்கிறார்கள். ராயவரம், கோனாபட்டு, விராச்சிலை, நச்சாந்துபட்டி, குழிபிறை போன்ற நகரத்தார் ஊர்களில் எழுந்து நிற்கும் பெரிய வீடுகளில் பலவற்றுக்குப் பின்னால் கடல் கடந்த வட்டிக்கடைப் பணம் இருக்கிறது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அவர்களுடைய ‘கிட்டங்கி’கள் இருந்தன. கடையும் அதுதான், படுக்கையும் அதுதான். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை 1859-லேயே எழுப்பியவர்கள் அவர்கள். கடைக்கு அனுப்பப்படும் ஏஜென்ட்டுக்கு ‘கணக்கு’ மூன்று வருடம். அதாவது, இன்று போனால் மூன்று வருடம் கழித்துத்தான் வீட்டு வாசலை மிதிப்பார். அந்தக் காலத்துத் தூரத்தின் அளவு அதுதான்.

1929 வரை புதுக்கோட்டைக்கு ரயிலே கிடையாது. மாட்டு வண்டியோ, பிற்பாடு வந்த மோட்டார் பஸ்ஸோ பிடித்து, திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போய், அங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு ரயில். அங்கே கப்பலுக்குக் காத்திருப்பு. பழைய ஆட்களின் பேச்சில் இன்னமும் உலவுகிற பெயர் ‘ரஜூலா’. 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு போய்வந்தது. புதிதாக இருந்தபோது அதில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. டெக் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாய் விரித்த இடம்தான் இடம். கடல் பயணம் ஒரு வாரம். கப்பலில் அம்மையோ காலராவோ இருப்பதாகச் சந்தேகம் வந்தால் சிங்கப்பூருக்கு எதிரே உள்ள செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமை முகாம். ஊர் கண்ணுக்குத் தெரியும், கால் வைக்க முடியாது.

அப்போது ஊரில் ஒரு சாவு என்றால் என்ன செய்தார்கள்? இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கடிதம் மட்டுமே இருந்த காலத்தில், செய்தியும் கப்பலில்தான் போனது, ஆளும் கப்பலில்தான் போனார். இரண்டுக்கும் ஒரே வேகம். அப்பா இறந்தது மகனுக்குத் தெரியும்போது இங்கே எல்லாம் முடிந்து வாரங்கள் ஆகியிருக்கும். அழுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை. ‘போயிருக்கலாமோ’ என்ற கேள்விக்கே இடமில்லை.

1871-ல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி வந்தது. அன்றைக்குத்தான் செய்தி முதல்முறையாக ஆளை முந்தியது. தந்தி ஒரு நாளில் வந்துவிடும். கப்பல் பழைய கப்பல்தான். கையில் தந்தித் தாளை வைத்துக்கொண்டு அடுத்த கப்பல் என்றைக்கு என்று விசாரிப்பவருக்கு, அதற்கு முன்பு யாருக்கும் இல்லாத ஒரு புது வேதனை தொடங்கியது.

இன்றைக்கும் வேதனை அதேதான். செய்தி வந்து சேர்வதற்கும் ஆள் வந்து சேர்வதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி. வாட்ஸ்அப்பில் சேதி ஒரு நொடி. ஆள்?

விமானம் 4 மணி நேரம், மிச்சம்?

ஆளின் வேகம் கூடியது மெதுவாகத்தான். ‘ரஜூலா’ 1973-ல் கைமாறிப் பெயர் மாறி, அடுத்த வருடமே உடைக்கப்பட்டது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே பிறகு ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அந்தத் தடத்தில் பயணிகள் கப்பல் காலம் அத்தோடு முடிந்தது. விமானம் என்றால் சென்னைதான் என்று இருந்த வருடங்களில், புதுக்கோட்டைக்காரர்கள் ராத்திரி முழுக்க பஸ்ஸில் போய், மீனம்பாக்கத்தில் காத்துக் கிடந்து விமானம் ஏறினார்கள். திருச்சியிலிருந்தே நேரடி பட்ஜெட் விமானங்கள் வந்த பிறகுதான் இந்த மாவட்டத்துக்குச் சிங்கப்பூர் பக்கமானது. 2012-ல் திருச்சிக்கு சர்வதேச விமான நிலையம் என்ற அந்தஸ்து. 2024 ஜனவரியில் புதிய முனையம் திறப்பு. ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. கோபுரமும் கோல வண்ணமுமாக அதன் முகப்பில் நின்று செல்ஃபி எடுக்காமல் யாரும் உள்ளே போவதில்லை.

இப்போது ஒரு நாள் காலையைக் கற்பனை செய்து பார்ப்போம். கீரமங்கலம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு. விடியற்காலை 6 மணிக்கு அப்பத்தா போய்விட்டார். பேரன் சிங்கப்பூரில் கட்டட வேலை. வளர்த்தது அப்பத்தாதான்.

அங்கே அப்போது எட்டரை மணி. வேலை தொடங்கியாயிற்று. வேலை நேரத்தில் போன் கையில் இருக்காது, லாக்கரில் இருக்கும். டீ இடைவேளையில், அங்கத்து 10 மணிக்கு எடுத்துப் பார்த்தால் பதினான்கு மிஸ்டு கால். அத்தனை மிஸ்டு காலைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிடும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. ‘தம்பி... அப்பத்தா போயிடுச்சுய்யா. ஒனக்காகத்தான் வச்சிருக்கோம். என்ன செய்யிற, சொல்லு.’

சூப்பர்வைசரைப் பார்க்க வேண்டும். அவர் அலுவலகத்துக்குப் பேச வேண்டும். லீவு கிடைத்ததும் டார்மிட்டரிக்கு ஓடி பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் புரட்ட வேண்டும். இரண்டு மாதம் முன்பு போட்ட டிக்கெட்டின் விலையா கடைசி நிமிடத்தில் இருக்கும்? கூட இருப்பவர்கள் கையில் இருப்பதைப் போட்டுத்தான் பெரும்பாலும் அந்த டிக்கெட் எடுக்கப்படுகிறது. டார்மிட்டரிகள் பல, தீவின் வடக்கிலும் மேற்கிலும் இருக்கின்றன. சாங்கி கிழக்கு முனை. அதற்கொரு மணி நேரம். விமானத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னால் போயாக வேண்டும்.

அன்று மாலை அங்கத்து 7 மணிக்கு ஒரு விமானம் இருந்து, அதில் ஒரு ஸீட்டும் இருந்தால், அதுவே அதிர்ஷ்டம். நம் நேரம் நாலரை. நான்கு மணி நேரத்தில் எட்டரைக்குத் திருச்சி. இமிக்ரேஷன் தாண்டி வெளியே வர ஒன்பதே கால். அங்கிருந்து கீரனூர், புதுக்கோட்டை, ஆலங்குடி வழியாக வீட்டு வாசலுக்கு வரும்போது பதினொன்றைத் தாண்டிவிடும்.

மொத்தம் பதினேழு மணி நேரம். அதில் ஆகாயத்தில் இருந்தது நான்கு. மற்ற பதின்மூன்று மணி நேரமும் தரையில்தான் போனது. அந்த ஒரு விமானத்தை விட்டிருந்தால் கணக்கு மறுநாளுக்குப் போயிருக்கும்.

இந்தப் பதினேழு மணி நேரத்துக்காகத்தான் வீட்டு வாசலில் ஐஸ் பெட்டி வந்து இறங்குகிறது. ‘பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும்’ என்று அடம்பிடித்த ஊர்ப் பெரியவர்களே இன்று, ‘பேரன் வரணுமாம், காலையில எடுத்துக்கலாம்’ என்கிறார்கள். மின்கம்பத்தில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் எத்தனை மணிக்கு இறுதி ஊர்வலம் என்று போடுவது, திருச்சியில் விமானம் இறங்கும் நேரத்தைப் பார்த்துத்தான். குளிர்பெட்டி வாடகை தொழிலாகவே ஆகிவிட்டதற்கு வெளிநாட்டுப் பிள்ளைகளும் ஒரு காரணம்.

ஆனால், எல்லா வீடுகளிலும் காத்திருக்க முடியாது. கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வெளிநாடு போவதற்கு ‘சபர்’ என்றும், போனவருக்கு ‘சபுராளி’ என்றும் பெயர். தலைமுறை தலைமுறையாகப் போய்வருகிற ஊர்கள். இஸ்லாமிய முறைப்படி அடக்கத்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் செய்துவிட வேண்டும். அங்கே பதினேழு மணி நேரம் என்பது பெரும்பாலும் தோற்றுப்போன கணக்குதான். மகன் வந்து சேர்வது மண்ணறைக்குத்தான்.

7 நாளும் 16 நாளும்

வந்துவிட்டார், முகம் பார்த்துவிட்டார். அடுத்த கணக்கு அன்று ராத்திரியே தொடங்குகிறது: எப்போது திரும்ப வேண்டும்?

சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டப்படி முதல் வருடத்தில் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு 7 நாள். அதுவும் சேர்ந்து 3 மாதம் முடிந்த பிறகுதான். வருடம் முடியாதவர்களுக்கு வேலை பார்த்த மாதங்களின் விகிதத்துக்குக் கிடைக்கும். பிறகு வருடத்துக்கு ஒரு நாள் கூடி, எட்டாவது வருடத்தில் 14 நாள் ஆகும். சட்டம் அதற்கு மேல் கேட்கவில்லை. கம்பெனி விரும்பினால் கூடக் கொடுக்கலாம். வீட்டில் சாவு என்பதற்காகத் தனி விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. அது அவரவர் வேலை ஒப்பந்தத்தையும் முதலாளியின் மனத்தையும் பொறுத்தது.

நம் ஊரில் கருமாதி 16-ம் நாள். முதல் வருடம் 7, எட்டு வருடம் உழைத்தால் 14. எப்படிக் கூட்டினாலும் 16 வராது. நடுவில் விழும் வார ஓய்வு நாளைச் சேர்த்து, சம்பளமில்லா விடுப்பைக் கெஞ்சிக் கேட்டு, அப்படியும் இப்படியுமாக இழுத்தால்தான் உண்டு. சில வீடுகளில் ‘புள்ள கெளம்பணும்’ என்பதற்காகவே காரியத்தை முன்னால் இழுத்து, மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ முடித்துவிடுகிறார்கள். சடங்கு குறைந்துவிட்டதே என்று உறவினர்களில் யாராவது முணுமுணுக்காமல் இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஒப்பந்தத் தாளைக் காட்டவா முடியும்?

கல்யாணத்துக்கும் இதே கணக்கு உண்டு. அதற்கு மண்டபம் பிடிப்பதற்கு முன்பே லீவு கேட்டு வைத்துவிடலாம். சாவுக்கு முன்கூட்டி லீவு எழுதிக் கொடுக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

தூரம் முடிவில்லாமல் போன நாள்கள்

பதினேழு மணி நேரமாவது ஒரு கணக்கு. கணக்கே இல்லாமல் போன காலங்களும் உண்டு.

2018 நவம்பர் 16, கஜா புயல். கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. மின்கம்பங்கள் விழுந்து பல நாள் கரன்ட் இல்லை, டவர் இல்லை. இங்கே இருப்பவர்களுக்குக் கூரை போன கவலை. அங்கே இருப்பவர்களுக்கு, வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றே தெரியாத கவலை. பிள்ளை மாதிரி வளர்த்த மரம் விழுந்த வீடியோவை யாராவது எடுத்து அனுப்ப மாட்டார்களா என்று ஏங்கியவர்கள் உண்டு. செய்தி ஆளை முந்தும் காலத்தில், செய்தியே வராமல் போன நாள்கள் அவை.

அடுத்தது கொரோனா. 2020 மார்ச் 23 முதல் 2022 மார்ச் 27 வரை, ஏறக்குறைய இரண்டு வருடம், இந்தியாவிலிருந்து வழக்கமான சர்வதேசப் பயணிகள் விமானங்கள் ஓடவில்லை. ‘வந்தே பாரத்’ சிறப்பு விமானங்களில் இடம் கிடைத்தவர்கள் வந்தார்கள். வந்த பிறகும் தனிமைப்படுத்தல். சிங்கப்பூரில் டார்மிட்டரிகள் பூட்டப்பட்டன. அறைக்குள் பங்க் கட்டிலில் உட்கார்ந்து, போனில் அப்பாவின் இறுதிச் சடங்கைப் பார்த்தவர்கள் ஏராளம். ‘கொஞ்சம் கிட்டக் கொண்டு போ மாப்ளே, மூஞ்சி தெரியல’ என்று சொல்ல மட்டும்தான் முடிந்தது. செயின்ட் ஜான்ஸ் தீவில் பாயோடு உட்கார்ந்திருந்த கப்பல் காலத்து ஆளுக்கும் இவருக்கும் நடுவே ஒரு கைபேசிதான் வித்தியாசம்.

எதிர்ப்பக்கமாக ஒரு பயணம்

சிங்கப்பூரிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் பயணங்களில் இன்னொரு வகையும் இருக்கிறது. பேசத் தயங்கும் வகை.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வார விடுமுறையில் தேக்கா பக்கம் வந்திருந்த தொழிலாளர்களை டார்மிட்டரிக்குத் திருப்பி அழைத்துப் போகும் பேருந்தில் அடிபட்டு, புதுக்கோட்டை மாவட்டத்துத் தொழிலாளி ஒருவர் அங்கேயே இறந்துபோனார். அதைத் தொடர்ந்து லிட்டில் இந்தியாவில் வெடித்த கலவரம் உலகச் செய்தியானது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தேக்காவின் மதுக் கட்டுப்பாடும், பேருந்து ஏற்பாடுகளும் மாறின. இங்கே ஒரு கிராமத்தில் மட்டும், வராண்டாவில் உட்கார்ந்து உடலுக்காகக் காத்திருந்தார்கள்.

உயிரோடு வருபவருக்கு ஒரு பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் போதும். இறந்தவருக்குத் தாள்கள் அதிகம். அந்த நாட்டு இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, பாஸ்போர்ட்டை ரத்து செய்து இந்தியத் தூதரகம் தரும் தடையில்லாச் சான்று, சரக்குப் பிரிவில் இடம். விபத்து என்றால் பிரேதப் பரிசோதனையும் காவல்துறை அனுமதியும். நான்கு மணி நேரத் தூரத்துக்குச் சில நாள்கள் ஆகிவிடும். தமிழ்நாடு அரசில் இதற்கென்றே அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகவும் மனு கொடுக்கலாம். இந்த விவரம் தெரியாமல், ஊரில் யாராவது ‘ஆள் தெரிந்தவர்’ வழியாக அலைந்து முதல் நாளை வீணாக்குபவர்கள்தான் அதிகம்.

கைக்கெட்டும் சில மணி நேரங்கள்

கடலை யாரும் சுருக்க முடியாது. தரையில் போகிற அந்தப் பதின்மூன்று மணி நேரத்தில் கொஞ்சம் சுருக்கலாம்.

முதலில் பாஸ்போர்ட். அதை முதலாளி வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் சிங்கப்பூர் சட்டம். ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று தாங்களாகவே அலுவலகத்தில் கொடுத்து வைப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை சாவுச் செய்தி வந்தால் அலுவலகச் சாவிக்காக அலைய நேரும். வேலையில் சேரும்போது சம்பளத்தை மட்டும் கேட்காமல், அவசர விடுப்பு எத்தனை நாள், அதற்குச் சம்பளம் உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. ஏஜென்ட் வாயால் சொல்வது தாளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பெரியவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால், பயந்துவிடுவானே என்று மறைப்பது நம் வழக்கம். ‘லேசான காய்ச்சல்தான்’ என்று மூன்று நாள் சொல்லிவிட்டு நான்காம் நாள் ஐ.சி.யூ என்றால், வர வாய்ப்பிருந்த மூன்று நாள் போனது போனதுதான். பிள்ளையின் போன் லாக்கரில் இருக்கும் என்பதால், கம்பெனி சூப்பர்வைசரின் எண்ணையோ, ஒரே அறையில் இருக்கும் நண்பரின் எண்ணையோ வீட்டுச் சுவரில் எழுதி வைப்பதும் உதவும். பல வீடுகளில் அந்த எண் போன வருடம் வேலை மாறியவருடையதாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

மற்றபடி திருச்சியில் இறங்கிய பிறகு வரும் தூரம் இருக்கிறதே, அதுதான் இருப்பதிலேயே நீளமானது என்பார்கள். பெட்டி இல்லாமல் தோளில் ஒரு பையோடு வெளியே வருகிறவரைப் பார்த்ததுமே வாசலில் நிற்கும் டிரைவர்களுக்குப் புரிந்துவிடும். வாடகை பேரம் பேச மாட்டார்கள். மற்ற நாள்களில் சாக்லேட் டின்னும் கோடாலித் தைலமும் போர்வையுமாக வருகிற அதே வாசல். கார் கிளம்பியதும் போனை ஆன் செய்தால் வரிசையாக மணி அடிக்கும். மாத்தூர் தாண்டும்போது சித்தப்பா. கீரனூரில் மச்சான். புதுக்கோட்டை ஊருக்குள் நுழையும்போது அம்மா.

“எங்கய்யா வந்துக்கிட்டிருக்க?”

“டவுனுக்கு வந்துட்டேம்மா.”

“சாப்பிட்டியா?”

“ம்.”

“பாத்து வா. அப்பத்தா இருக்கு.”

டிரைவர் ஆலங்குடி ரோட்டில் வண்டியைத் திருப்புகிறார். இன்னும் 40 கிலோமீட்டர்.